டெக் செய்தி, கடையின் மதிப்பு, கைபேசிப் பாதுகாப்பு: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் சிறு கடைகளுக்கும் வீட்டில் இருந்தே தொழில் செய்பவர்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. 2017-இல் ஜிஎஸ்டி வந்த பிறகு கணக்கோடு சேர்ந்து கம்ப்யூட்டர், கைபேசி, க்யூஆர் அட்டை எல்லாமே என் மேஜைக்கு வர ஆரம்பித்துவிட்டன. பலகாரக் கடைக்காரர்கள், ஆத்தங்குடிக் கல் பட்டறை வைத்திருப்பவர்கள், கண்டாங்கி விற்பவர்கள், கானாடுகாத்தானில் பழைய வீட்டை விருந்தினர்களுக்கு விடுபவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாக இருக்கும் ஆச்சிகள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே தொகுத்திருக்கிறேன். என் சொந்தக் கருத்தும் இதில் நிறைய உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: எந்தப் புது வசதியை எடுத்துக்கொண்டாலும் கணக்கும் சாவியும் நம் கையில் இருக்க வேண்டும்.

டெக்னாலஜி செய்தி தினமும் வந்து குவிகிறது. கடை வைத்திருப்பவர் எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?

வேண்டாம். புது போனில் எத்தனை கேமரா, எந்த முதலாளிக்கும் எந்த முதலாளிக்கும் சண்டை என்பதெல்லாம் படிக்க நன்றாக இருக்கும். கல்லாவில் அதனால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. பணம் வரும் வழி மாறுகிறதா, நாம் வைத்திருக்கும் பொருளுக்குக் கம்பெனியின் ஆதரவு நிற்கப்போகிறதா, திருடனுக்குப் புது வழி கிடைத்திருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்றைத் தொடும் செய்தி என்றால் நின்று படியுங்கள்.

விண்டோஸ் 10 அப்படி ஒரு செய்தி. 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் அதற்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டது. கல்லுக்கட்டிப் பக்கம் பல கடைகளில் பில் போடும் கம்ப்யூட்டர் இன்னும் அதில்தான் ஓடுகிறது. நாளைக்கும் ஓடும். அதனால்தான் யாருக்கும் அவசரம் தெரிவதில்லை. ஆனால் மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புத் திட்டத்தில் தனியாகப் பதிவு செய்யாவிட்டால், இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டையை அடைக்க ஆள் இல்லை. உடனே புதுசு வாங்க முடியவில்லை என்றால் அந்தக் கம்ப்யூட்டரில் பில் மட்டும் போடுங்கள். பேங்க் வேலை, மெயில் இரண்டையும் அதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, யுபிஐயில் ஒரு தனி நபர் இன்னொருவருக்கு ‘பணம் அனுப்பு’ என்று கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. ஏமாற்றுக்காரர்களுக்கு அது சௌகரியமான வழியாக இருந்தது. பேப்பரில் நாலு வரியில் வந்த செய்திதான். நமக்கு அது முதல் பக்கச் செய்தி.

கம்பெனியை இத்தனை ஆயிரம் கோடிக்கு வாங்கினார்கள் என்கிறார்களே, லாபமே பார்க்காத கம்பெனிக்கு அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது?

2014-இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸப்பை வாங்குவதாக அறிவித்தது. அப்போது வாட்ஸப்பில் வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய 55 பேர். கட்டடம், இயந்திரம், சரக்கு என்று ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்டில்) காட்டப் பெரிதாக எதுவும் இல்லை. மாதந்தோறும் 45 கோடிப் பேர் அதைப் பயன்படுத்தினார்கள். அவர்கள் வழியாக நாளைக்குப் பணம் வரும் என்ற கணிப்புக்குத்தான் அந்த விலை.

கணிப்பு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு யாஹூவைப் பாருங்கள். 2008-இல் மைக்ரோசாஃப்ட் அதை 4,460 கோடி டாலருக்குக் கேட்டது. யாஹூ கொடுக்கவில்லை. 2016-இல் வெரைசன் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனம் யாஹூவின் இணையத் தொழிலை 483 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. பேசி முடித்த பிறகு, வாடிக்கையாளர் கணக்குகள் பெருமளவில் திருடு போன விஷயம் வெளியே வந்தது. விலையில் 35 கோடி டாலர் குறைந்தது. 2013-இல் நடந்த திருட்டில் 300 கோடிக் கணக்குகள் பாதிக்கப்பட்டிருந்தன என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. பாதுகாப்பு வெறும் செலவு என்று சொல்பவர்களிடம் நான் இந்த 35 கோடியைத்தான் சொல்வேன். பாதுகாப்பில் விட்ட குறை பேரத்தில் வந்து விழுந்தது.

நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதைப் புரியவைக்க யாஹூ வரை போக வேண்டியதே இல்லை. 1930-களின் பொருளாதாரச் சரிவில், நம் பக்கத்துச் செட்டியார்களிடம் கடன் வாங்கிய பர்மா விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. ஈடாக நிலம் வந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய மாவட்டங்களில் நெல் நிலத்தில் சுமார் கால் பங்கு செட்டியார்கள் பெயரில் இருந்தது. பேரேட்டில் அது பிரம்மாண்டமான சொத்து. 1942-இல் ஜப்பானியப் படை வந்ததும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1948-இல் பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் போட்டது. எழுதி வைத்த மதிப்புக்கும் கைக்கு வந்த பணத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை இங்கே பல குடும்பங்கள் அனுபவித்தே தெரிந்துகொண்டன.

ஆகவே செய்தியில் ‘மதிப்பு’ என்று வந்தால், அது யாராவது எண்ணிக் கொடுத்த பணமா, கடைசியாக ஒருவர் போட்ட சிறு முதலீட்டை வைத்துப் பெருக்கிச் சொன்ன தொகையா என்று பாருங்கள். ஆன்லைனில் பாடம் நடத்திய பைஜூஸ் 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்புள்ள கம்பெனி. 2024-இல் அதன் முக்கிய முதலீட்டாளர்களில் ஒன்றான ப்ரோசஸ் தன் பங்கின் மதிப்பை முழுவதுமாகக் கழித்து எழுதிவிட்டது. இரண்டு ஆண்டில் நடந்தது இது.

நம் கடைக்கெல்லாம் அப்படி மதிப்பு உண்டா?

உண்டு. அதை நாம் கவனிப்பதில்லை என்பதுதான் எனக்கு உள்ள பெரிய வருத்தம்.

தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை செய்து சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பும் ஒரு கடையை எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பும் பாத்திரமும் தராசும் என்ன பெறும்? கல்யாணச் சீருக்கு வருடா வருடம் கேட்டு வாங்கும் ஆட்கள், அவர்கள் கையில் இருக்கும் உங்கள் வாட்ஸப் எண், கூகுள் மேப்பில் உங்கள் கடைப் பெயருக்குக் கீழே பத்து வருடமாகச் சேர்ந்த நல்ல வார்த்தைகள், இவைதான் கடை. நாளைக்குக் கடையை விற்றாலும் மகளிடம் ஒப்படைத்தாலும் இவற்றைத்தான் கொடுக்கப்போகிறீர்கள்.

இவை யார் பெயரில் இருக்கின்றன? இதைக் கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். கடையில் முன்பு வேலை பார்த்த பையன் தன் ஜிமெயிலில் கூகுள் பக்கத்தைத் திறந்திருப்பான். வெப்சைட் போட்டுக் கொடுத்தவர் டொமைனை (வெப்சைட்டின் முகவரியை) தன் பெயரிலேயே வாங்கியிருப்பார். வாட்ஸப் எண் இன்னும் மைத்துனர் பெயரில் வாங்கிய சிம்மில் ஓடும். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் வேலையை விட்டுப் போனவர் கூகுள் பக்கத்தில் இருந்த போன் எண்ணை மாற்றிவிட்டார். தீபாவளி நேரம் வேறு. ஆர்டர் எல்லாம் வேறு எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏன் போன் வரவில்லை என்று கண்டுபிடிக்கவே பல நாள் ஆயிற்று.

அந்தக் காலத்தில் கடல் கடந்து கொண்டுவிற்க (வட்டித் தொழில் பார்க்க) போன ஆள் தவணை முடிந்ததும் பேரேட்டை அடுத்தவரிடம் ஒப்படைத்து, ஒவ்வொரு பற்றுவரவையும் சரிபார்த்துக் காட்டிவிட்டுத்தான் கப்பல் ஏறுவார். அதே வழக்கம் இப்போதும் வேண்டும். ஆள் மாறும்போது கூகுள் பக்கம், இன்ஸ்டாகிராம், பில் மென்பொருள், பேங்க் செயலி, டொமைன் எல்லாவற்றிலும் உரிமையாளர் பெயர் உங்களுடையதா என்று ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். வேலை செய்பவர்களுக்கு ‘மேலாளர்’ அனுமதி மட்டும் போதும். உரிமையாளர் நீங்கள்தான்.

கடைக்குத் தனியாகச் செயலி செய்து தருகிறேன் என்று வருகிறார்கள். செய்யலாமா?

பெரும்பாலான கடைகளுக்கு வேண்டாம். வாட்ஸப் பிசினஸில் பொருள் பட்டியலைப் படத்தோடு போட்டாலே போதும். பலகாரம் வாங்க யாரும் தனியாக ஒரு செயலியை இறக்கி வைக்கமாட்டார்கள். அதையும் மீறிச் செய்வதாக இருந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் எவ்வளவு கட்ட வேண்டும்? நான் விலகினால் வாடிக்கையாளர் பட்டியலையும் விற்பனைக் கணக்கையும் எக்செல்லில் எடுத்துக் கொடுப்பீர்களா? இரண்டாவதுக்கு எழுத்தில் பதில் வராவிட்டால் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள்.

கணக்கை கிளவுடில் (இணையச் சேமிப்பில்) வைப்பதா, கடைக் கம்ப்யூட்டரில் வைப்பதா?

இரண்டிலும். எங்கே வைக்கிறோம் என்பதைவிட எத்தனை இடத்தில் வைக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களில் இருந்த கோப்புகளைப் பூட்டிவிட்டு, 300 டாலர் பிட்காயினில் கொடுத்தால் திறப்பேன் என்றது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். பேக்கப் (கோப்புகளின் தனி நகல்) வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் எடுத்துவிட்டு அதை எப்போதும் கம்ப்யூட்டரில் சொருகியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் பூட்டிவிடும். எடுத்து முடித்ததும் கழற்றி வீட்டுப் பெட்டகத்தில் வையுங்கள்.

கம்ப்யூட்டரும் கிளவுடும் ஒரு நாள் படுக்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதி போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். ஆகவே கடையில் ஒரு அச்சடித்த பில் புத்தகம் எப்போதும் இருக்கட்டும்.

பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. மாதத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து, போன வாரத்துப் பில் ஒன்று அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டே இருந்துவிட்டு, தேவைப்பட்ட அன்று திறக்காமல் போன கதை எனக்குத் தெரிந்தே உண்டு.

‘அனுப்பிட்டேன்’ என்று வாடிக்கையாளர் போனைக் காட்டுகிறார். நம்பலாமா?

அவர் திரையை நம்ப வேண்டாம். உங்கள் திரையை நம்புங்கள். பணம் போனதைப் போலவே பச்சை டிக் காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. சவுண்ட் பாக்ஸ் சொன்னால் சரி. சொல்லவில்லை என்றால் உங்கள் பேங்க் செயலியில் வரவு இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டமான நேரத்தில் இது சங்கடமாகத்தான் இருக்கும். முகம் சுளிக்காமல் ‘ஒரு நிமிஷம் அண்ணே, இங்கே வரட்டும்’ என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். நேர்மையானவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

க்யூஆர் ஸ்டிக்கர் மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது. காலையில் கடை திறந்ததும் வீட்டுப் போனில் ஒரு தடவை ஸ்கேன் செய்து, வரும் பெயர் உங்கள் கடைப் பெயர்தானா என்று பாருங்கள்.

பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. யாராவது ‘பணம் வர பின் போடுங்க’ என்றால், அவர் உங்களிடம் இருந்து எடுக்கப்போகிறார்.

யாரோ கொடுத்த 500 ரூபாய்க்காக என் கணக்கையே முடக்கிவிட்டார்கள். நான் என்ன தப்பு செய்தேன்?

நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. எங்கோ ஏமாற்றிச் சேர்த்த பணத்தில் ஒருவன் உங்கள் கடையில் காராச்சேவு வாங்கியிருப்பான். பணம் பறிகொடுத்தவர் புகார் கொடுத்ததும் அந்தப் பணம் போன கணக்குகளை வரிசையாக நிறுத்தச் சொல்லி போலீஸ் பேங்குக்கு எழுதுகிறது. புகார் பதிவானது வேறு மாநிலமாகவும் இருக்கலாம்.

பேங்கில் போய் புகார் எண், எந்த மாநிலத்து எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை என்று எழுதி வாங்குங்கள். அன்றைய பில்லை இணைத்து, இது விற்பனைப் பணம் என்று அந்த அதிகாரிக்கும் பேங்குக்கும் மெயில் அனுப்புங்கள். கணக்கு முழுவதையும் பூட்டாமல் சந்தேகத்துக்கு உரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு, சர்ச்சைக்குரிய தொகை அளவுக்கு மட்டும் நிறுத்தி வைக்கும்படி உத்தரவு கொடுத்தது. பில் இல்லாமல் விற்றால் காட்ட ஒன்றும் இருக்காது. 50 ரூபாய் வியாபாரத்துக்கும் பில் போடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகவும்தான். க்யூஆருக்கு என்று தனிக் கணக்கு வைத்து, இரவில் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால் முடங்கும் தொகையும் குறையும்.

சொந்தக்காரர் எண்ணில் இருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. திறக்கலாமா?

கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப் ஆக வரும், வீடியோவாக வரும். ‘ஏபிகே’ என்று முடிந்தால் அது செயலி. பத்திரிகை ஒருபோதும் செயலியாக வராது.

நம் பக்கம் இந்த ஏமாற்று எளிதாகப் பலிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கல்யாணம் என்றால் சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று நானூறு வீட்டுக்குப் பத்திரிகை போகும். முகூர்த்த மாதத்தில் ஒரு நாளைக்கு நாலைந்து வரும். யார் வீட்டு விசேஷம் என்று பார்க்காமல் இருப்பது மரியாதை இல்லை என்ற எண்ணம் வேறு. அதைத் தொட்டதும் ‘இன்ஸ்டால் செய்யவா’ என்று கேட்கும். ‘சரி’ என்று அழுத்தினால் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் பேங்கில் இருந்து வரும் ஓடிபி நேரே திருடனுக்குப் போகும். உங்கள் வாட்ஸப்பில் இருந்து எல்லாருக்கும் அதே ‘பத்திரிகை’ போகும். உங்களுக்கு அனுப்பிய சொந்தக்காரரும் இப்படி மாட்டியவர்தான். அவருக்கு உடனே போன் செய்து சொல்லுங்கள்.

அழுத்திவிட்டீர்கள் என்றால் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். வைஃபையும் அணையுங்கள். வேறு போனில் இருந்து பேங்குக்குக் கூப்பிட்டு நெட் பேங்கிங், யுபிஐ, கார்டு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் போட்டோக்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனை முழுக்க அழித்துப் புதிதாகத் தொடங்குங்கள். செயலியை நீக்கினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். பேங்க் செயலி இருக்கும் போனில் அந்த அரைகுறை வேலை வேண்டாம் என்பது என் கருத்து.

‘டிராஃபிக் அபராதம்’, ‘பேங்க் கேஒய்சி’, ‘மின் கட்டணம் பாக்கி’ என்ற பெயர்களிலும் இதே ஏபிகே வருகிறது.

சிபிஐயில் இருந்து வீடியோ கால் வந்தது, டிஜிட்டல் அரெஸ்ட் என்று சொன்னார்கள். ஆச்சி பயந்து போயிருக்கிறார். உண்மையா?

முழுப் பொய். டிஜிட்டல் அரெஸ்ட் என்று இந்தியச் சட்டத்தில் ஒன்று கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். போலீஸ், சிபிஐ, அமலாக்கத் துறை யாரும் வீடியோ காலில் கைது செய்யவோ, ‘சரிபார்க்க’ என்று பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லவோ மாட்டார்கள்.

பெரிய வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களைத்தான் இவர்கள் தேடுகிறார்கள். கையில் வைப்புத் தொகை இருக்கும், பிள்ளைகள் தூரத்தில் இருப்பார்கள், போலீஸ் என்றால் குடும்பப் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம் இருக்கும். ‘யாரிடமும் சொல்லக் கூடாது, போனைக் கட் செய்யக் கூடாது’ என்பார்கள். அந்த ஒரு சொல்லே போதும், அது மோசடிதான். ஆச்சி, அப்படி யாராவது சொன்னால் போனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்காருங்கள். யாரையும் மரியாதைக் குறைவாக நடத்தியதாக ஆகாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஒன்று செய்யலாம். குரலைப் போலியாக உருவாக்குவதும் இப்போது எளிது என்பதால், குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முடிவு செய்து வையுங்கள். அவசரமாகப் பணம் வேண்டும் என்று உங்கள் குரலிலேயே போன் வந்தாலும் அந்தச் சொல் இல்லாமல் அப்பச்சியோ ஆத்தாளோ அனுப்பக் கூடாது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு சிசிடிவி போட்டிருக்கிறோம். சென்னையில் இருந்தே பார்க்கிறோம். இது போதுமா?

நீங்கள் பார்க்க முடிகிறது என்றால் வேறு யாராலும் பார்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

2016-இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. பிடித்த விதம் மிகச் சாதாரணம். கம்பெனி போட்டு அனுப்பும் ‘அட்மின்’, ‘12345’ மாதிரியான 60 சொச்சம் பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. யாரும் மாற்றவில்லை. அக்டோபர் 21 அன்று அந்தக் கேமராக்களை வைத்து நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின.

பள்ளத்தூரில் ஒரு வீட்டில் கேமராப் பெட்டியின் மேலேயே பயனர் பெயரும் பாஸ்வேர்டும் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பொருத்த வந்தவர் தன் வசதிக்காக எழுதியது. அவர் போனிலும் அந்த வீட்டின் முகப்பும் வளவும் (உள் முற்றமும்) தெரிந்துகொண்டே இருந்தன. வீட்டுக்காரர் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. பொருத்தி முடித்த அன்றே பாஸ்வேர்டை நீங்கள் மாற்றுங்கள். காவலுக்கு இருப்பவருக்கு வெளி வாசல் கேமரா மட்டும் தெரியும்படி தனிக் கணக்கு கொடுங்கள். பதிவுப் பெட்டியைக் கண்ணில் படும் இடத்தில் வைக்காதீர்கள். திருடன் முதலில் தூக்குவது அதைத்தான். கரண்ட் போனால் தாங்க யுபிஎஸ் வேண்டும்.

இதைவிட முக்கியமாக ஒன்று. விசேஷத்துக்கு எல்லாரும் கூடி, முடிந்ததும் ‘ஊரை விட்டுக் கிளம்புகிறோம்’ என்று பின்னணியில் தேக்குக் கதவும் பெல்ஜியம் கண்ணாடியும் தெரியப் படம் போடுகிறோம். எந்த வீடு, உள்ளே என்ன இருக்கிறது, எப்போதில் இருந்து ஆள் இல்லை என்று எல்லாமே அதில் இருக்கிறது. படத்தை அடுத்த மாதம் போடுங்கள். கேமரா நடந்ததைக் காட்டும்; தடுக்க நம்பிக்கையான ஒரு ஆள் ஊரில் இருக்க வேண்டும்.

வீட்டை விருந்தினர்களுக்கு விடுகிறோம். ஆதார், பாஸ்போர்ட் நகல் எல்லாம் வாட்ஸப்பில் குவிந்திருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரிக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அதற்கு விவரம் வாங்கத்தான் வேண்டும். வாங்கிய நகல் வரவேற்பில் இருக்கும் பையனின் போன் கேலரியில் வருடக் கணக்கில் கிடக்க வேண்டியதில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. இப்போதே பழக்கப்படுத்திக்கொள்வது நல்லது.

நம் ஆதாரைப் பிறரிடம் கொடுக்கும்போது, முதல் எட்டு எண் மறைத்த நகலை ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். கைரேகையையும் அங்கேயே பூட்டி வைக்கலாம். பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையை எடுத்து ஆதார் வழியாகக் கணக்கில் இருந்து பணம் எடுத்த வழக்குகள் சில மாநிலங்களில் பதிவாகியிருக்கின்றன. நிலம் நீச்சு என்று பத்திரம் அதிகம் இருக்கும் குடும்பங்கள் கட்டாயம் பூட்டி வையுங்கள்.

பாஸ்வேர்டை நோட்டில் எழுதலாமா?

எழுதலாம். வீட்டுக்குள் பூட்டி வைத்த நோட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட எவ்வளவோ மேல். அந்த நோட்டைப் போட்டோ எடுத்து போனில் வைக்காதீர்கள். மெயிலுக்கு மட்டும் மிக நீளமான, வேறு எங்கும் போடாத பாஸ்வேர்டு வையுங்கள்; மெயில் போனால் எல்லாம் போய்விடும். வாட்ஸப்பில் இரு படிச் சரிபார்ப்பைப் போட்டு ஆறு இலக்க எண் வைப்பது ஐந்து நிமிட வேலை. இன்றே செய்யுங்கள்.

ஏஐயிடம் கடைக் கணக்கைக் கொடுத்துக் கேட்கலாமா?

சிங்கப்பூர்க் கடைக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத, பொருள் விவரம் எழுத, நன்றாக உதவுகிறது. நானே பயன்படுத்துகிறேன். கூட்டல் கழித்தலில் அது சொன்னதை அப்படியே ஜிஎஸ்டி ரிட்டர்னில் போடாதீர்கள். வாடிக்கையாளர் பெயர், போன் எண், பான் எண் இருக்கும் தாளை அப்படியே கொடுக்காதீர்கள். அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்த விவரம் அது. அதை வேறு இடத்துக்கு அனுப்ப அவர்கள் சம்மதிக்கவில்லை.

பணம் போய்விட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

1930. வேறு எதையும் யோசிக்காமல் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். திருடன் பணத்தைக் கணக்கு கணக்காக மாற்றி, கடைசியில் ரொக்கமாக எடுக்கப் பார்ப்பான். அதற்குள் தகவல் போனால் நடுவில் எங்காவது நிறுத்த முடியும். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் வித்தியாசம் பெரிது. அதே நேரத்தில் வீட்டில் இன்னொருவர் பேங்குக்குக் கூப்பிடட்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். மெசேஜ், போன் எண், பரிவர்த்தனை எண் எதையும் அழிக்காதீர்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, உங்கள் மேலும் பேங்க் மேலும் தவறு இல்லாமல் வேறு எங்கோ நடந்த ஓட்டையால் பணம் போயிருந்தால், பேங்க் தகவல் அனுப்பியதில் இருந்து மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் நஷ்டம் உங்களுடையது இல்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் பேங்குக்குத் தெரிவிக்கும் வரை போனது உங்கள் நஷ்டம். தெரிவித்த பிறகு போவது பேங்கின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் தெரிவித்த நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பேங்க் 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலும், சொன்ன பதில் சரியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

வெளியே தெரிந்தால் அவமானம் என்று இரண்டு நாள் வைத்திருந்து வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனது கஷ்டப்படுகிறது. பெரிய கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் எல்லாரும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். புகார் கொடுக்கும்போது ஒப்புகை எண் ஒன்று தருவார்கள். அதை எழுதிக்கொள்ளாமல் போனை வைக்காதீர்கள்.